சாஸ்தா கோயில் பாதையை நான் அளந்தது

காற்றாலை நிறுவுகிறவர்களுக்கு நிலத்தின் கரடுமுரடைக் காட்டும் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இலஞ்சியில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் செய்கிறேன். செயற்கைக்கோள் எடுத்த உயரக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பூமியை முப்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை தட்டினால் போதும். ஒரு கட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள எட்டையும் எடுத்து, உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இன்னொரு வரி தட்டினால் நிறம் ஏறும். சமமான இடம் பச்சை, முரடான இடம் சிவப்பு.

என் மனைவிக்கு இதில் பெரிய பெருமை. 'எங்க வீட்ல மலையவே அளக்குதாவ' என்று பால்காரரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

அவளுக்கு இதயம் பலவீனப்பட்டது. தென்காசி டாக்டர், சமதரையில் மெள்ள நடக்கலாம், பாறை பள்ளம் ஏறி இறங்கவே கூடாது என்றார். வரும் வழியில், ஆட்டோவிலேயே அவள் கேட்டாள்.

"ஏங்க, இந்தப் பங்குனி உத்திரத்துக்கு எங்க சாஸ்தாவப் பாத்துட்டு வந்திருவோமா?"

எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்தன்று அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போக வேண்டும். கல்யாணம் ஆன பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான். இருபத்தாறு வருஷம் வாய் திறக்காமல் என் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தவள், முதல்முறையாகத் தன் சாஸ்தாவைக் கேட்டாள். புளியங்குடிக்கு மேற்கே, மலையடிக் காட்டுக்குள் இருக்கிறது அந்தக் கோயில். வண்டி போகாது. அரை மணி நேரம் நடக்க வேண்டும். வனத்துறை கேட்டைத் திறப்பதும் அந்த ஒரு நாள்தான். நான் அங்கே போனதே இல்லை.

"அளந்து பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

அளந்தேன். கேட்டிலிருந்து கோயில் வரை ஒரே சிவப்பு. அடுத்தடுத்த கட்டங்களுக்குள் பதினைந்து மீட்டர், இருபது மீட்டர் வித்தியாசம். அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"நாங்க சின்னப் பிள்ளைல ஓடிட்டே போவோமே. மணலாத்தான் கெடக்கும்" என்றாள்.

"சின்னப் பிள்ளைக்கு எல்லாமே மணல்தான்."

"பாதி தூரம் போய்ப் பாப்போம். முடியலன்னா திரும்பிருவோம்."

"கண்ணால பாத்த பெறகுமா கேக்க? செவப்பா இருக்கு, தெரியலையா?"

அந்தச் சிவப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "சரிங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கீழே இறங்கிப் போய்விட்டாள். அந்த உத்திரத்துக்கும் என் சாஸ்தாவுக்குத்தான் பொங்கல் வைத்தாள்.

ஆனியில் சாரல் தொடங்கிய வாரத்தில் போய்விட்டாள். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களின் வண்டி நெரிசலுக்குள் ஆம்புலன்ஸ் நின்று நின்று போனது. வழியிலேயே முடிந்துவிட்டது.

வருஷம் திரும்பும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்பதால் ஒரு பங்குனி சும்மா போயிற்று. அடுத்த பங்குனியில் அவள் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போனான். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிறவன்.

கேட்டைத் தாண்டினால் மணல். வழி முழுக்க மணல்தான். எங்கள் வீட்டு மாடிப்படி அளவுக்குக்கூட ஏற்றம் இல்லை. இரண்டு பக்கமும் மருத மரங்கள் ஓங்கி நின்றன. நடுநடுவே வெட்டவெளி. அண்ணாந்து பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்த உயரக் கணக்கு தரையைப் பார்ப்பதில்லை. மரம் இருந்தால் மரத்தின் உச்சியையே தரை என்று எடுத்துக்கொள்ளும். மரமும் வெட்டவெளியும் மாறிமாறி வந்தால் சிவப்பாகத்தான் காட்டும். நான் அளந்தது மரத்தை.

இது எனக்குத் தெரியாத விஷயமா? காற்றாலைக்காரர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் நானே எழுதுகிற வரி: 'இந்த அளவில் மரங்களின் உயரமும் சேர்ந்திருக்கும். நேரில் பார்த்து உறுதிசெய்யவும்.' ஊருக்கெல்லாம் எழுதினேன், கூறுகெட்டவன். கட்டினவளுக்குச் சொல்லவில்லை.

"நல்ல பாதையா இருக்கே" என்றேன்.

"ஆமா அத்தான். அந்த வருசம் அக்காட்ட கேட்டேன், நான் வந்து கூட்டிட்டுப் போறேன், நாற்காலில வச்சுத் தூக்கிட்டுக்கூடப் போயிருவோம்னு. வேண்டாம்ட்டா. 'அத்தான் அளந்துட்டாவ, அவிய சொன்னா தப்பா இருக்காது. எனக்குத்தான் சின்னப் பிள்ளைல பாத்தது மறந்துபோச்சு போல'ன்னா."

அவளுக்கு மறக்கவில்லை. மறந்தது எனக்கு. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் வாங்கி வர ஓடினான்.

பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் ஆச்சி வந்தார். எண்பது வயது இருக்கும். காலில் செருப்புகூட இல்லை. என்னைப் பார்த்து நின்றார்.

"என்னய்யா, நடக்க முடியலையா?"

"முடியுது ஆச்சி" என்றேன். "இதுல யாரு வேணும்னாலும் நடக்கலாம்."