பச்சைமலைக்குப் போன உளவாளி

பன்னிரண்டு வயதில் எனக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கணக்கு டீச்சர் வேண்டுமென்றே என்னை மட்டும் கஷ்டமான கேள்வி கேட்கிறார், எதிர் வீட்டு நாய் தூங்குவதுபோல் நடிக்கிறது என்பதெல்லாம் என் திடமான அபிப்பிராயங்கள். அந்த வருடம் என் சந்தேகம் மாமா மேல் விழுந்தது.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. திருச்சி கைலாசபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, எனக்குப் பட்டுப்பாவாடைக்கு அளவும் எடுத்த பிறகு, பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று வெயிலைப் பற்றி மாறிவிடும். எனக்கோ பட்டுப்பாவாடை போன துக்கம்.

அதற்குப் பிறகு மாமா வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் மலைச் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, போனை மேசை மேலேயே வைத்துவிட்டு, துறையூரைத் தாண்டிப் பச்சைமலைக்குப் போய்விடுவார். காட்டுக்குள் ஒரு பெரிய சுற்று ஓட்டிவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார். அதுவரை அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பாள். அம்மாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். போனை விட்டுவிட்டுப் போகிற மனிதர் யாரையோ ரகசியமாகப் பார்க்கத்தானே போவார்? அந்தக் கல்யாணப் பெண்ணாகவே இருக்கலாம் என்பது என் துப்பு.

ஒரு ஞாயிறு விடியலில் அம்மா என்னை எழுப்பினாள். "மாமாகூட நீயும் போயிட்டு வா. அவன் எங்க போனாலும் கூடவே இரு. கண்ணை எடுக்காத" என்றாள். உளவு வேலை! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் கியர் சைக்கிளை முதல் நாளே இரவல் வாங்கி வைத்திருந்தாள். புளிசாதத்தை ஒரே டப்பாவில் அடைத்து என் பையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலும் என் பையில்தான். மாமா கையில் எதுவும் கொடுக்கவில்லை. சுமை தூக்க நான்தான் கிடைத்தேனா என்று கேட்டதற்கு முறைத்தாள்.

"அது கரடுமுரடான பாதை, அக்கா. இவளால முடியாது" என்றார் மாமா.

"முடியலைன்னா நீ பாத்துக்க. நாளைக்கு இவ சடங்குக்கு மாமன் சீர் நீதான் தூக்கிட்டு வரணும். அதையும் ஞாபகம் வச்சுக்க."

எனக்கு மானம் போயிற்று. கல்யாணம் நின்றுபோய் நிற்கிற தம்பியிடம், இன்னும் வயதுக்கே வராத பெண்ணுக்கு இப்போதே சீர் கேட்கிறாளே, இவ்வளவு பேராசையா என்று நினைத்தேன்.

கொள்ளிடம் பாலம், திருவெள்ளறை வயல்கள் என்று எல்லாம் வந்து போயின. மாமா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைமேல் ஒரு டீக்கடையோரம் காரை நிறுத்திச் சைக்கிள்களை இறக்கினோம். மரவள்ளித் தோட்டங்கள் முடிந்ததும் காடு ஆரம்பித்தது. ஏற்றத்தில் எவ்வளவு கியர் மாற்றியும் என் கால்கள் கெஞ்சின. பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். மாமா முன்னே போய், நின்று, நான் வந்ததும் மறுபடி கிளம்பினார். ஓடையைத் தாண்டியதும், "இறக்கத்துல முன் பிரேக்கை மட்டும் பிடிச்சுடாத, குப்புற விழுவ. உடம்பப் பின்னால தள்ளிக்க" என்றார். வழி நெடுக அவர் பேசியது அவ்வளவுதான்.

மரங்கள் விலகி ஒரு பெரிய பாறை வந்தது. அதற்கு அப்பால் தரையே இல்லை, கீழே வெகு தூரத்தில் வயல்கள் தெரிந்தன. மாமா ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். கார் சாவியை எடுத்து என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"உன்கிட்டயே இருக்கட்டும் பாப்பா. நீ இப்படி நிழல்ல உக்காரு" என்று சொல்லிவிட்டுப் பாறையின் விளிம்புக்கு நடந்தார்.

கார் ஓட்டத் தெரியாத என்னிடம் சாவி எதற்கு? ஆள் வரப்போகிறது என்று முடிவு கட்டி ஒவ்வொரு புதராகப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். "மாமா, பசிக்குது" என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. "நீங்க வராட்டிப் போங்க, நான் போறேன்" என்று கத்திவிட்டு, சைக்கிளில் ஏறி இறக்கத்தில் விட்டேன். பயத்தில் முன் பிரேக்கைத்தான் பிடித்தேன்.

நான் அலறிய அலறலில் மாமா ஓடி வந்தார். அத்தனை கற்களையும் எப்படித் தாண்டினாரோ தெரியாது. என்னைத் தூக்கி உட்கார வைத்து முழங்காலில் தண்ணீர் ஊற்றினார். ரத்தம் நிற்காததால் தன் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார். டப்பாவைத் திறந்தேன்.

"அக்கா ஒண்ணுதான் குடுத்துச்சா?"

"ஒண்ணுதான்."

அந்த டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதத்தை உருட்டி என் கையில் வைத்தார். அவரும் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாயைக் கடித்துவிட்டதாகச் சொன்னார். டப்பாவை எட்டிப் பார்த்தேன், மிளகாய் எல்லாம் முழுதாகக் கிடந்தன. பொய் சொல்கிறார் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சாதாரணமாக என் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அம்மா தெருவையே கூட்டுவாள். அன்று நாங்கள் வீடு திரும்பியபோது என் முழங்கால் கட்டைப் பார்க்கவே இல்லை. மாமாவின் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டு, "கை கால் கழுவிட்டு வாடா, தோசை ஊத்துறேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுப்படியில் என் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். யாரும் வரவில்லை என்றேன். ஹெல்மெட், சாவி, பாறை எல்லாம் சொன்னேன். கல்லில் தோசை கருகியது.

"நீ கூப்பிட்டதும் திரும்பினானா?"

"இல்ல. விழுந்ததும்தான் ஓடி வந்தாங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். துப்பறிந்ததற்குப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னை அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் ஒரே டப்பா. அந்தச் சுற்றை விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மாமாவும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். ஆனால் நான் தேடிய ஆள் கடைசி வரை வரவில்லை. இவ்வளவு உபயோகமற்ற உளவாளியை அம்மா ஏன் மாற்றவில்லை என்பது எனக்குப் புதிராகவே இருந்தது.

நான் பெரியவளானபோது மாமா மேளதாளத்துடன் சீர் கொண்டுவந்தார். தாம்பாளத்தை அவரே சுமந்து படியேறினார். மேலே இலைப்பச்சையில் ஒரு பட்டுப்புடவை. அதைப் பார்த்ததும் அம்மா உள்ளறைக்கு ஓடி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அம்மாவுக்குப் பச்சை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடையில் மாற்றிக்கொள்ளலாம்மா என்று சமாதானமும் சொன்னேன்.