கொண்டா

சிலமலைச் சந்திரவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பொய். கணக்கில் பட்டம் வாங்கி, மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு வந்தவள், ‘எனக்குத் தெரியும்’ என்பதைச் சத்தமாகச் சொன்னாள். குற்றம் அவ்வளவுதான். தெரியும் என்று அவள் சொன்னதெல்லாம் நிஜமாகவே தெரியும். தெரியாமல் போனது ஒரே ஒரு சொல்.

எண்பத்தேழாம் வருஷம் போடியில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலாளி வேறு யாரிடமோ பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்ற யோசனை வந்தது. கடைசியில் மேனேஜர் அதற்கு ஒரு சோலி கண்டுபிடித்தார். தினமும் காலையில் இரண்டு ஜீப்பில் போடிமெட்டுப் பாதையில் தோட்டத்துக்கு ஏறுகிற ஆட்களின் பெயர்ப்பட்டியல். அதுவரை அந்தப் பட்டியல் கங்காணி மொக்கையனின் வாயில்தான் இருந்தது. யார் எந்த ஜீப்பில், யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்ற வரிசையில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதே வரிசையில் சந்திரவல்லி எழுதிக்கொண்டாள். மொத்தம் இருபத்துமூன்று பேர்.

மிஷினைத் திறந்தால் கறுப்புத் திரை. அதன் மூலையில் C என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதற்கடுத்து மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடு. வேறொன்றும் கிடையாது. படம் தெரியும் என்று பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். சந்திரவல்லிக்கு அந்தக் கறுப்பு பிடித்திருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அதற்குள் குடித்தனம் வைத்தாள். புரோகிராம் எழுதுகிற சாமான்களை ஆறு பிளாப்பியிலிருந்து உள்ளே ஏற்றினாள். அவற்றுக்கு ஓர் அறை, பட்டியலுக்கு ஓர் அறை என்று பிரித்தாள். எந்த அறையில் இருந்து கூப்பிட்டாலும் சாமான் ஓடிவரும்படி வழி எழுதி வைத்தாள். மிஷின் கண்விழித்ததும் தானாகவே பட்டியல் அறைக்குப் போய் நிற்கவும் ஏற்பாடு செய்தாள். நடுநடுவே கரண்டு போனது. போனபோதெல்லாம் திட்டிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தாள்.

ஆபீஸ் கிளார்க் பிச்சைமணிக்கு ஐம்பது வயது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பார், அர்த்தம் தெரியாது. மினுக்குகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், அது எதற்கு முழிச்சு முழிச்சுப் பார்க்கிறது என்று கேட்டார்.

“நாம சொல்றதுக்குக் காத்திருக்குண்ணே. சொன்னா செய்யும்.”

“தப்பாச் சொன்னா?”

“அதையும் செய்யும்” என்று சிரித்தாள். பிச்சைமணி சிரிக்கவில்லை.

அவருக்காகத்தான் அவள் அந்த வேலையைச் செய்தாள். இங்கிலீஷ் கட்டளைகளுக்குப் பதிலாக, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ச் சொற்களையே கட்டளையாக எழுதி வைத்தாள். PAAR என்று அடித்தால் பட்டியல் தெரியும். KODU என்றால் மிஷினில் இருக்கிற பட்டியல் பிளாப்பிக்குப் போகும். KONDA என்றால் பிளாப்பியில் இருப்பது மிஷினுக்கு வரும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்முன் KODU அடித்துப் பிளாப்பியில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டியது பிச்சைமணியின் பொறுப்பு. இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள், ஒரே ஒரு தடவை சொன்னாள். முதல் நகலை அவளே எடுத்துக் காட்டினாள். அன்று அக்டோபர் ஐந்தாம் தேதி. பிச்சைமணி தலையாட்டினார். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தம் என எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஐப்பசி பிறந்தது. மலை முகம் காட்டாமல் மேகத்துக்குள் கிடந்தது. தலைதீபாவளிக்கு மகளையும் மருமகனையும் அழைக்க மொக்கையன் சீர்வரிசையோடு சம்பந்தி ஊருக்குப் போய்விட்டார். பெயர் கூப்பிடும் வேலை ஜீப் டிரைவர் வேலுச்சாமியிடம் வந்தது. தினமும் காலையில் பிச்சைமணி மிஷினிலிருந்து அச்சடித்துத் தருகிற பட்டியல்தான் கையில் இருக்கிறதே, படித்தால் போதும் என்றார் மேனேஜர்.

அந்தத் திங்கட்கிழமை குருவம்மாள் வேலைக்குச் சேர்ந்தாள். சிலமலையில் சந்திரவல்லியின் தெருக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஏனென்று கேட்க நாதியில்லை. மேனேஜரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே சந்திரவல்லிதான். அன்று சாயங்காலம் பட்டியலின் கடைசியில் அந்தப் பெயரைத் தன் கையாலேயே சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இருபத்துநான்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு மெட்டுக் கடையிலிருந்து வேலுச்சாமி போன் பண்ணினான். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேலே சரிவு இடிந்துவிட்டது, ஸ்டோரின் பின்சுவர் மண்ணுக்குள் போய்விட்டது, ஆட்களை எல்லாம் முன்பக்கம் நிறுத்திப் பெயர் கூப்பிட்டாயிற்று, இருபத்துமூன்று பேரும் இருக்கேன் என்றார்கள், இரண்டு ஜீப்பிலும் ஏற்றி மெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்றான். மேனேஜர் போனை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். சாமி காப்பாத்திட்டாரு என்று காபி வாங்கிவரச் சொன்னார்.

சந்திரவல்லிக்கு அந்த எண் காதில் முள்ளாகத் தைத்தது. மிஷினைத் திறந்து PAAR என்று அடித்தாள். பெயர்கள் மொக்கையனின் வரிசையில் ஓடி இருபத்துமூன்றில் நின்றன. குருவம்மாள் இல்லை. பட்டியல் என்றைக்கு எழுதப்பட்டது என்று பார்த்தாள். அக்டோபர் ஐந்து என்றது திரை. நேற்று அடித்தது எங்கே போயிற்று?

“அண்ணே, நேத்து சாயங்காலம் என்ன அடிச்சீக?”

“தெனமும் அடிக்கிறதுதான் ஆத்தா. கொண்டான்னு அடிச்சேன்.”

“கொண்டான்னா என்ன?”

பிச்சைமணி பிளாப்பியைக் கையில் எடுத்துக் காட்டினார். “மிசினு, ஒங்கிட்ட இருக்கறத எங்கிட்டக் கொண்டா. அதானே?”

அதுதான். பதினைந்து நாளாக அந்த மனுஷர் ஒரு வேலையாளிடம் தன் கையில் இருக்கும் பையைக் காட்டிக் கேட்பதுபோல மிஷினிடம் கேட்டிருக்கிறார். மிஷினோ அவள் சொல்லிவைத்தபடி, பிளாப்பியில் இருந்த பழைய பட்டியலை எடுத்துப் புதியதன்மேல் போட்டிருக்கிறது. ஆட்கள் மாறாதவரை பழையதும் புதியதும் ஒன்றுதான், யாருக்கும் தெரியவில்லை. கொண்டா என்றால் யாரிடம் கொண்டா? சிலமலையில் பிறந்தவள், ஆயிரம் தடவை அந்தச் சொல்லைச் சொன்னவள், மிஷின் நிற்கிற இடத்திலிருந்து மட்டும் அதை யோசித்திருந்தாள். தான் படித்த படிப்பு அத்தனையையும் அந்த நிமிஷம் அவள் வெறுத்தாள்.

மேனேஜரிடம் சொன்னாள். மெட்டுக்குப் போன் போட்டால் லைன் செத்துக் கிடந்தது. ஆபீஸ் ஜீப்பில் அவளும் அவரும் இன்னும் நான்கு ஆட்களுமாக ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் பாறையிலிருந்து சேற்றுத்தண்ணி ரோட்டில் கொட்டியது. மெட்டில் நின்றிருந்த இரண்டு ஜீப்பிலும் பெண்களை விசாரித்தார்கள். புதுசா வந்த அந்த அக்கா அந்த ஜீப்புல இருக்காக என்றது ஒரு ஜீப். இன்னொரு ஜீப்பும் அதையே சொன்னது.

அடுத்த நிமிஷம் அவர்கள் தோட்டத்துக்கு ஜீப்பை விட்டார்கள். ஸ்டோரை நெருங்கும்போது மழை விட்டிருந்தது. காய் வாசனையும் பச்சை மண் வாசனையும் கலந்து குமட்டியது. ஈரமண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கிட்டே போகாதே என்று மேனேஜர் தடுத்ததை அவள் கேட்கவில்லை. சுவர் இருந்த இடத்தில் நின்று, பட்டியலில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

“குருவம்மா.”

ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை, உலர்த்தும் தட்டுகளின் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“இருக்கேன்.”

பொழுது சாயும்முன் வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. இடது கால் தங்கவில்லை.

மறுநாள் ஆபீசில் சந்திரவல்லி KONDA, KODU இரண்டையும் அழித்தாள். அழிக்கட்டுமா என்றுகூட மிஷின் கேட்கவில்லை. கோடு மினுக்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தது. பிறகு மத்தியான பஸ்சில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளைக் குருவம்மாள் பேசவிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“உள்ள கெடக்கையில பேரு கூப்பிட்டது கேட்டுச்சு ஆத்தா. ஒவ்வொருத்தரா இருக்கேன் இருக்கேன்னாக. எம்பேரு கடேசியிலதானே வரும், வந்ததும் சொல்லுவோம்னு காத்துக் கெடந்தேன். வரல. பெறகு கத்துனேன், ஜீப்புச் சத்தத்துல கேக்கல போல. ஏன் ஆத்தா, ஒத்த நாள்லயே என்னைய வேலையவிட்டு நிப்பாட்டிட்டாகளா?”