பட்டணத்துச் சீதோஷ்ணம்

என் தமையனார்மீது எனக்குப் பொறாமை இருந்தது என்பதை நான் எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கல்லூரியில் பயின்று, நாலுபேர் மதிக்க வாழ்ந்துவிட்ட ஒருவன் அப்படி ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் யுத்த காலத்தில், ஒரு மாசி மாதம், எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை நான் எழுதாமல் விட்டால் என் குடும்பத்தாரில் யாரேனும் தமக்குத் தோன்றியவாறு எழுதக்கூடும். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

கொல்லிமலையில், அரியூர் நாட்டில், என் தந்தையார் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர். எழுத்தறியாதவர், ஆனால் வீட்டுக்குப் பத்திரிகை வந்தாக வேண்டும் என்பதில் பிடிவாதமுள்ளவர். மிளகு வாங்க வாரம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து ஏறிவரும் வியாபாரி, சேர்ந்திருக்கும் தினசரிகளை ஒரே கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். அடிவாரத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துத் திரும்பியிருந்த தமையனார், அன்று மாலை வெளிச்சம் மங்குவதற்குள் களத்தில் அமர்ந்து அவற்றை உரக்கப் படிப்பார். ஊரார் கூடிக் கேட்பார்கள்.

எதை முதலில் படிப்பது என்பதில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. யுத்தச் செய்தியை அல்ல. சர்க்கார் உத்தரவையும் அல்ல. சென்னைப் பட்டணத்தின் சீதோஷ்ண நிலையைத்தான் முதலில் படிக்க வேண்டும். காரணம் என் அத்தை. தந்தையாரின் தங்கையாகிய அவள் எங்களோடு இருந்தாள். அவள் கணவர் பட்டணத்துத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போய் மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு இழுப்பு நோய், பனி ஆகாது.

"பனின்னு போட்டிருக்குதா, சாமி?" என்று அத்தை கேட்பாள். ஆம் என்று விடை வந்தால், மறுநாள் விடியற்காலையில் மிளகும் திப்பிலியும் தூதுவளையும் வறுத்து இடித்துப் பொட்டலம் கட்டி, தபாலில் சேர்க்கும்படி வியாபாரியிடம் கொடுத்தனுப்புவாள். பத்து நாளைக்கு முன் பெய்த பனிக்கு, இன்னும் பத்து நாள் கழித்துப் போய்ச் சேரும் மருந்து. இதிலுள்ள முரண்பாடு எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றவில்லை. அச்சில் ஏறிய பனி அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்று நம்பினார்கள்.

ஒருமுறை, கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று தமையனார் படித்தபோது, முன்னால் அமர்ந்திருந்த கிழவர் கவலையோடு கேட்டார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஊடு மேட்டுல இருக்குதுங்களா?"

"மேட்டுலதானுங்க இருக்கோணும். அவருக்குப் பள்ளத்து ஊடு புடிக்காதுங்க" என்றாள் அத்தை.

படிப்பவர் தமையனார் ஆகையால் அத்தையின் அன்பு முழுவதும் அவர் பக்கமே சாய்ந்தது. மலைவாழைத் தார் பழுத்தால் முதற்சீப்பு அவருக்கு. அவரைச் 'சாமி' என்பாள். என்னைக் 'கண்ணு' என்பாள். இரண்டும் அன்புச் சொற்களே எனப் பெரியவர்கள் கூறலாம். எந்தச் சொல் யாருக்கு எத்தனை முறை கிடைத்தது என்பதை எண்ணிவந்தவன் நான். எனக்கு வயது பத்து. ஊர்ப் பள்ளியில் தடங்கலின்றிப் படிப்பதில் முதல்வன். தமையனாரோ நீண்ட வாக்கியம் வந்தால் நடுவில் மூச்சு வாங்குவார். அவரைக் காட்டிலும் நான் நன்றாகப் படிப்பேன் என்பதை ஊர் அறிய வேண்டும் என்ற எண்ணம், உண்ட சோறு செரிக்காத அளவுக்கு என்னுள் முற்றியது.

அந்த மாசியில் ஒருநாள், தமையனார் மிளகு பறிக்கப் போயிருந்த நேரத்தில் நான் கட்டைப் பிரித்தேன். சீதோஷ்ண நிலையை முன்கூட்டியே மனப்பாடம் செய்து, அவர் திணறும் இடத்தில் உரக்க எடுத்துக்கொடுப்பது என் திட்டம். எல்லாத் தினசரிகளிலும் தேடினேன். அந்தப் பகுதி ஒன்றிலும் இல்லை. மிளகுக் கூடைகளின் அடியில் விரித்திருந்த பழைய தாள்களை உருவிப் பார்த்தேன். மார்கழிக்குப் பின் எதிலுமே இல்லை. எதிரிக்குப் பயன்படலாகாதென்று யுத்த காலத்தில் அதை அச்சிடாது விட்டார்கள் எனக் கல்லூரியில் சேர்ந்த பிறகே கேள்விப்பட்டேன். அன்று நான் கண்டது ஒன்றுதான்: தமையனார் இல்லாததைப் படிக்கிறார். அப்போது எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பட்டம் பெற்ற நாளிலும் நான் அடையவில்லை.

மாலையில் ஊர் கூடிற்று. தமையனார் தாளை விரித்தார்.

"சென்னையில் காலையில் சொற்பமான பனி. பிறகு நல்ல வெயில். குளிர் தணிந்து வருகிறது."

"தணியுதா? அப்ப இந்த வாரம் மருந்து கொஞ்சமாப் போதும்" என்றாள் அத்தை, முகம் மலர்ந்து.

நான் எழுந்து நின்றேன். "அப்படி ஒண்ணும் அதுல போடலீங்கப்பா. ரெண்டு மாசமா எதுலயும் போடலீங்க. அண்ணன் பொய்யாப் படிக்குதுங்க."

தந்தையார் தமையனாரைப் பார்த்து, "எங்க, வெரலை வெச்சுக் காட்டு" என்றார். அவர் விரல் தாளின்மேல் மெல்ல நகர்ந்தது, எங்கும் நிற்கவில்லை.

"ஊருச் சனத்தை உக்கார வெச்சுப் பொய் படிச்சியாடா?" என்று தந்தையார் தாளைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "இனிச் சின்னவன் படிக்கட்டும்."

நான் அதை வாங்கியபோது, தமையனார் எனக்கு மட்டும் கேட்கும்படி, "பட்டணத்துச் சேதி வேண்டாண்டா" என்றார். தோற்றவரின் கெஞ்சல் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அத்தை என்னைப் பார்த்தாள். "சரி கண்ணு, நீ படி. பட்டணத்தைப் பத்தி என்னதான் போட்டிருக்குது?"

படித்தேன். குண்டு விழக்கூடும் என்னும் அச்சத்தால் சனங்கள் பட்டணத்தை விட்டு வெளியேறுவதைப் படித்தேன். தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடப்பதையும், ரயில்களில் இடமின்றி மக்கள் தொங்கிக்கொண்டு போவதையும், வெளியூர்த் தொழிலாளர் பலர் தத்தம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதையும் படித்தேன். ஓரிடத்திலும் திணறவில்லை. எத்தனை நீண்ட வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடித்தேன்.

"எல்லாரும் ஊரு திரும்பிட்டாங்கன்னா, நம்ம மாப்பிள்ளை எங்கீங்க? தீவாளிக்கப்புறம் கடுதாசிகூட வரலைன்னாங்களே" என்றார் கிழவர்.

தந்தையார் தொண்டையைச் செருமினார்.

"ரயில்ல எடமில்லைன்னுதானுங்க போட்டிருக்குது" என்றாள் அத்தை. பிறகு எழுந்து, காயப்போட்டிருந்த மிளகைக் கூட்டி அள்ளலானாள். மறுநாள் விடியலில் எங்கள் வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கட்டு வந்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினேன். அத்தை வெயிலில் குனிந்து மிளகைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னிக்கும் நான்தான் படிக்கப் போறேனுங்க."

அவள் நிமிரவில்லை. "அப்பா கேக்கற சேதியெல்லாம் நீ படி, கண்ணு. பனிச் சேதி மட்டும் அண்ணன் படிக்கட்டும்."

"அதுல பனிச் சேதியே இல்லீங்க, அத்தை."

"இல்லாட்டிப் போகுது. அவனையே படிக்கச் சொல்லு."

ஒரு பிழையும் இன்றி, ஊரறிய, அச்சில் உள்ளதை உள்ளபடி படித்தவன் நான். பொய் படித்துப் பிடிபட்டவர் அவர். அப்படியிருந்தும் அவள் அவரையே கேட்டாள். கட்டை மண்ணில் வீசியெறிந்துவிட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் போய் அழுதேன். அத்தை செய்தது அப்பட்டமான ஓரவஞ்சனை என்று, அன்று யார் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன்.