வெள்ளை மணல் படிந்த இடம்

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வரும் மகளை மற்றத் தாய்மார் ஏசுவார்கள். றஸீனாவின் உம்மா சபூரா மட்டும், "கிடச்சிச்சா புள்ள?" என்று கேட்பாள்.

றஸீனாவின் தொழில் அப்படி. மட்டக்களப்பு வாவியின் அடியில் நீண்ட குழாயை இறக்கிச் சேற்றை உருவி எடுப்பாள். அதில் புதைந்த மகரந்தத்தைப் பார்த்து, முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இந்தக் கரையில் கண்டல் காடு நின்றதா, மழை பொய்த்ததா என்று சொல்லிவிடுவாள். "மண்ணு தோண்டவா கெம்பஸ் போனவ?" என்று காத்தான்குடியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்!

வேலை கிடைத்த நாளில், "அந்தக் காலத்தில புதைஞ்சதெல்லாம் சேத்துக்குள்ள அப்பிடியே இருக்கும் உம்மா" என்று அவள் விளக்கியதுதான் பிழையாகிப் போயிற்று. சுனாமி கொண்டுபோன தம்பி இஷாமைத் தேடத்தான் மகள் போகிறாள் என்று உம்மா நினைத்துக்கொண்டாள். பாவம், கடற்கரைக்குப் பந்தடிக்கப் போன பிள்ளை. அடக்க ஒரு மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. கப்று இல்லாதவனுக்கு எங்கே நின்று ஸலாம் சொல்வது? உம்மாவைத் திருத்த றஸீனாவுக்கு மனம் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "இன்னும் இல்ல உம்மா" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விடுவாள்.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பி வந்தாள். இந்த வருடம் தப்ப முடியவில்லை. அங்கே எடுத்த குழாயைப் பிளந்தபோது, கறுத்த சேற்றின் மேற்பகுதியிலேயே விரல் தடிப்பில் வெள்ளை மணல். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலைப்பொழுது அப்படியே படிந்து கிடந்தது. வெட்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலிலேயே உடைந்துபோனாள். "உம்மா, நான் தம்பியத் தேடிப் போறல்ல. ஒரு நாளும் தேடல்ல."

சபூரா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். "மொதல்ல தேடுறாய் எண்டுதான் நெனச்ச. பொறகு விளங்கிட்டு கா."

"விளங்கியுமா இவ்வளவு காலமும் கேட்டீங்க?"

"நானும் கேக்காட்டி இந்த வீட்டில அவன்ட கதைய ஆரு எடுக்கிற?" உம்மா தொடர்ந்தாள்: "அந்த இடத்தில குழாய மட்டும் மெல்லமா இறக்கு. புள்ளைக்கு நோவும்."

அடுத்தமுறை றஸீனா தோணியில் முழந்தாளிட்டு, கப்றுகள் இருக்கும் மையவாடி வாசலில் ஆண்கள் நின்று சொல்லும் ஸலாத்தைத் தண்ணீருக்குச் சொன்னாள். பிறகு அழுதுகொண்டே குழாயை மெல்ல மெல்ல இறக்கினாள்.