அம்மாவை நிறுத்தியது நான்தான்

அம்மா ஒரு பரீட்சைக்குத் தயாரானதை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது. அவளுக்கு மாரடைப்பு வந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து, வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. இதயத்தின் ஒரு பகுதி சோர்ந்துவிட்டது என்று எக்கோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள். மிச்சம் எவ்வளவு தாங்கும், மறுபடி வருமா என்பதை ஓடும் மெஷினில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கேள்வி, நான்கு கறவை மாடுகள். இனி இவளால் ஆகாது, விற்றுவிடலாம் என்று உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த பெரிய மாமா முடிவே கட்டிவிட்டார். டெஸ்டில் தேறிவிட்டால் மாட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று அம்மா தன் அண்ணனிடம் சவால் விட்டாள். நோயைக் கண்டுபிடிக்கிற சோதனையை ஜெயித்துக் காட்டுகிற போட்டியாக எடுத்துக்கொண்ட புத்திசாலிகள் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்பா தோட்டத்துக்குப் போனதும் களத்தில் ஒத்திகை தொடங்கும். அவள் சுற்றிச் சுற்றி நடப்பாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்வேன். ஆறாவது சுற்றில் அவள் தாடை இறுகும், இடது கை தானாக மூடிக்கொள்ளும். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அதுபாட்டுக்கு வலிக்கட்டும் கண்ணு. நீ ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே," என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். சேலையை நாற்று நடப் போகிறவள் போலத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பும் வேண்டாம் என்று மெஷினில் ஏறினாள். அவள் பிடித்த அடத்தில் என்னையும் உள்ளே ஸ்டூலில் உட்கார விட்டிருந்தார்கள். வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் "இல்லீங்க, நீங்க ஓட்டுங்க" என்றாள்.

அப்புறம் அந்தத் தாடை இறுகியது. இடது கை மூடிக்கொண்டது. மாடுகளும் சத்தியமும் எனக்கு நினைவில் இருந்தன. ஆனால் பயம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

"டாக்டர், எங்கம்மாவுக்கு வலிக்குதுங்க. பொய் சொல்றாங்க."

மெஷின் நின்றது.

அடைப்பு இருந்தது. ஆபரேஷன் ஆனது. மூன்று மாடுகள் போயின. நான்காவதின் கயிற்றை அம்மா விடவில்லை, மாமாவே சலித்துப்போய் விட்டுவிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என்னை வைத்துக்கொண்டே சொல்வாள்: "நானு நடந்துட்டேதா இருந்தனுங்க. இவதா நிறுத்திப்போட்டா."

எனக்கு உடம்பெல்லாம் கூசும். இன்றைக்கும் சொல்கிறேன், அதே ஸ்டூலில் உட்கார வைத்தால் மறுபடியும் கத்துவேன்.

அம்மா போன பிறகு, அதே டாக்டரை ஒருமுறை பார்த்தேன். நான் கத்துவதற்கு முன்பே மெஷினை நிறுத்த அவர் கை போய்விட்டதாம். ஒயர் வழியாக வந்த கோடுகள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருந்தன. அதை அன்றைக்கே அம்மாவிடமும் சொல்லிவிட்டாராம்.

ஆக, அவளுக்குத் தெரியும். ஆனால் தன் இதயம் தன்னை நிறுத்தியது என்று கடைசிவரை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. மகளிடம் தோற்றதாகச் சொல்வதில் மட்டும் அவளுக்கு வெட்கமே இருக்கவில்லை. அதைப் பழி என்று நினைத்து அத்தனை வருடமும் நான் தலைகுனிந்து நின்றேன்.