விளக்கை மறைத்த பொட்டு

என் காரின் மீட்டர் கண்ணாடியில், வேக முள்ளுக்கு இடது பக்கம், பழைய எட்டணாக் காசு அளவில் மங்கலாக ஒரு வட்டம் இருக்கிறது. ஒட்டுப்பொட்டின் பசை காய்ந்துபோன தடம். காரைக் கழுவ வருகிறவர், "டீச்சர், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சா ஒரு நிமிஷத்துல போயிரும்" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். இருக்கட்டும் என்பேன். அவருக்கு அது அழுக்கு. எனக்கு அது நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம். உண்மை பேசு, உண்மை பேசு என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன்.

கார் முதலில் அண்ணனுடையது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர் பத்தாம் நாளே வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். அண்ணன் அதை ஓட்டியதைவிட, வந்தவர் போனவரை உள்ளே உட்காரவைத்து விளக்கம் சொன்னதுதான் அதிகம். இந்த லீவரை இழுத்தால் சீட்டு உயரும், இந்தப் பட்டனைத் தட்டினால் பின் கண்ணாடியில் படிந்த பனி கரையும். பனி படிந்து கண்ணாடி மறைந்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் அடேங்கப்பா என்றார்கள். ஏசிக் குமிழை நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பினால் சூடான காற்று வரும் என்று காட்டியபோது மட்டும் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "சித்திர மாசம் வெளிய தலைய நீட்டுனாப் போதாதா? இதுக்கு வேற ஒரு திருகாணியா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவரோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அண்ணன் மஸ்கட் திரும்பிய மூன்றாம் மாதம் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ். ஆட்டோ குலுக்கலில் அப்பா பாதி உயிராகத் திரும்புவார். கார் என்னவோ உறை போட்டுக்கொண்டு கொட்டகையில் சுகமாக நின்றது. பார்த்துப் பார்த்து, அண்ணி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் அண்ணனுக்கே தெரியும். போனில் அவர் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. கடைசியில் அப்பாவுக்காக இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. "வண்டியில ஒரு கம்ப்ளைண்ட்டு வந்துச்சு, அன்னைக்கே சாவி டிரைவர் கைக்குப் போயிரும், பாத்துக்க." அதன் பிறகு வீடியோ காலில் வந்தால் முதலில் காரைக் காட்டச் சொல்வார், ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்வார். அப்பா எப்படி இருக்கிறார் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அண்ணி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவரைப்போல வரி விடாமல் படித்தவர் உலகத்தில் இருக்க முடியாது. புரியாத வார்த்தைக்கு எனக்குப் போன் வரும். எச்சரிக்கை விளக்குகளை ஒவ்வொன்றாகத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து, தனக்குத் தோன்றிய பெயரை எழுதி, டிரைவர் தலைக்கு மேலே வெயிலுக்கு மடக்கும் தட்டியில் சொருகிவைத்திருந்தார். ஆயில் விளக்குக்குப் பெயர் கிண்டி, மூக்கு வைத்த செம்பு. டயரில் காற்றுக் குறைந்தால் எரிவது பணியாரக் குழியில் ஆச்சரியக்குறி. ஏர்பேக் விளக்கு, மடியில் பந்து வைத்திருப்பவர். இஞ்சின் கொதிப்பதைச் சொல்லும் விளக்கு, தண்ணீரில் நிற்கிற சாவி. சாவியைத் திருகியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணையுமே, அது முடியும்வரை வண்டியைக் கிளப்பவே மாட்டார். "நீ அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரிதான் பாப்பா. எல்லாரும் உள்ளேன்னு சொல்லிட்டு உக்காரட்டும்." நாற்பது வயதைத் தாண்டியும் அந்த வீட்டில் நான் பாப்பாதான். அவர் போட்ட சட்டம் சின்னது: "பச்சையும் நீலமும் சும்மா தகவலு. மஞ்சள்னா விசாரி. செவப்புன்னா நின்னுரு, எமனே பின்னாடி வந்தாலும் நின்னுரு."

நான் வாக்கப்பட்டது புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில். சனிக்கிழமை பள்ளி இல்லை என்பதால் அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பாவோடு ஊர்வரை போய்விட்டு, சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்த உடம்பு வெளியே வரும்போது வெடவெடவென்று நடுங்கும். அண்ணி முன் சீட்டைச் சாய்த்து அப்பாவைப் படுக்கவைப்பார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குமிழைச் சிவப்பின் கடைசிவரை திருப்புவார். அக்கினி நட்சத்திரத்தில் ஹீட்டர்! பின் சீட்டில் நான் இட்லியாக அவிந்துபோவேன். அண்ணி முகத்தில் வேர்வை ஊற்றும். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். "எனக்கென்ன, அடுப்படியில நிக்கிற மாதிரிதான்" என்பார். பத்து நிமிடத்தில் அப்பாவுக்கு நடுக்கம் நின்று, வாயைத் திறந்தபடி தூங்கிப்போவார். திருகாணியைக் கேலி செய்த மனுஷர், பிறகு அதைத் தொட்டுக் காட்டி, "ஆத்தா, அதைக் கொஞ்சம் வையித்தா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் நிறத்தில் இஞ்சின் விளக்கு எரிந்தது. சனிக்கிழமை டயாலிசிஸை விட முடியாது. மெதுவாகப் போய்வந்துவிட்டு, திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் காட்டுவது என்று அண்ணி முடிவெடுத்தார். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில், காரில் நாங்கள் இருவரும் அப்பாவுக்காகக் காத்திருந்தபோது அண்ணனின் வீடியோ கால். எடுக்காவிட்டால் அப்பாவுக்கு ஏதோ என்று பதறிவிடுவார். எடுத்தால், "ஸ்டார்ட் பண்ணிக் காட்டு" என்கிறார். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவி போய்விடும் என்ற பயம் அது. பக்கத்துச் சீட்டிலிருந்த நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை; என் நெற்றிப் பொட்டைப் பிய்த்து அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிவிட்டேன். என் பொட்டு பெரிது, எட்டணா அளவு மெரூன் வெல்வெட். அண்ணிக்கு ஒட்டுப்பொட்டே ஆகாது, அரித்துத் தடித்துவிடும்; எப்போதும் குங்குமம்தான். "என்னது அது, செவப்பா?" என்றார் அண்ணன். "பொட்டுங்க" என்றார் அண்ணி. ஆயுத பூசைக்கு அம்மிக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைக்கிற குடும்பம், காருக்கு வைத்தால் என்ன என்று அண்ணன் நினைத்திருப்பார் போல. சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். "எடுத்துரு பாப்பா, பக்கத்துல வேற வெளக்கும் இருக்கு" என்று அண்ணி உடனே சொன்னார். நான்தான் தடுத்தேன். "வீட்டுக்குப் போனதும் மறுபடி கூப்புடுவாரு அண்ணி. அப்பறம் எடுத்துக்குவோம்." என் புத்திசாலித்தனத்தில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அப்பா வந்தார், முன் சீட்டில் படுத்தார், நான் பின்னால் போனேன், ஹீட்டர் ஓடியது. தைலமரக் காடு தொடங்கும் இடத்தில் காற்றின் சூடு குறைந்தது. கொஞ்ச தூரத்தில் சூடு சுத்தமாக நின்றுபோனது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. முந்தானையால் விசிறிக்கொண்டேன். அப்பா விழித்துக்கொண்டு, "ஆத்தா, குளுருதுத்தா" என்றார். அண்ணி குமிழைத் தடவிப் பார்த்தார். அது சிவப்பின் கடைசியில்தான் இருந்தது. "இஞ்சின் தண்ணிச் சூடுதான இங்கிட்டு வருது. தண்ணி இருந்தா சூடு எப்புடி நிக்கும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார். பொட்டை நகத்தால் பிய்த்தார். மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில், தண்ணீரில் நிற்கிற சாவி ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக எரிந்ததோ, யாருக்குத் தெரியும். அண்ணி இஞ்சினை அணைத்துவிட்டு, அந்தப் பொட்டை என் கையில் கொடுத்தார்.

பைக்கில் வந்த ஒருவர் உதவிக்கு இறங்கி, முன்பக்கத்தைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனார். "தொடாதீங்கண்ணே, மூஞ்சி வெந்துரும்!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் மனுஷர் இரண்டடி பின்னால் போய்விட்டார். அப்பாவைத் தைலமரத்தின் ஓட்டை நிழலில் உட்காரவைத்து, அண்ணியின் துண்டையும் காரில் கிடந்த சாக்கையும் போர்த்தினோம். உச்சி வெயிலில் அவர் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். ஓர் ஆட்டோ கிடைத்து நான் அவரோடு ஊருக்குப் போக, அண்ணி காரோடு நின்றார். வந்து பார்த்த மெக்கானிக், ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது, இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் இஞ்சினுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான் என்றாராம். ஹீட்டர் போடாமல் வந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ரோட்டோரம் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. மஸ்கட்டுக்குப் போகாமல் இருக்குமா? சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. "வெளக்கு மேல பொட்ட ஒட்டுனது யாரு?" என் நெற்றி வெறுமையாக இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி, "நான்தாங்க" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே அண்ணன் அதட்டினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சாக்கு. நான் கோழை, அவ்வளவுதான்.

மறுவாரமே டிரைவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஹீட்டர் என்றதும் கும்பிட்டுவிட்டார். "இந்த வெயில்லயா? நான் மயங்கி விழுந்துட்டா ஒங்களுக்குத்தான் ஆபத்து." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணி பின் சீட்டுக்குப் போனார். அப்பா கடைசி எட்டு மாதமும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதற்குள்ளும் நடுங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். ஒருநாள் அரைத்தூக்கத்தில் கையை நீட்டி அந்தக் குமிழைத் தேடினார். டிரைவர் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கம்பளிக்குள் வைத்தார். அதைப் பார்த்தும் நான் அண்ணனுக்குப் போன் பண்ணவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்பா போன பிறகு அண்ணியும் மஸ்கட் போய்விட்டார். காரை என்னிடம் விட்டுவிட்டார்கள். காலண்டர் தாளைப் பார்த்துத்தான் நானும் விளக்குகளைப் பழகினேன்.

போன மாதம் அப்பாவின் திதிக்கு இருவரும் வந்தார்கள். முடித்துவிட்டு மூவரும் திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. என் வீட்டு வாசலில் அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினார். என்னவோ, அந்த நீட்டிய கையைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்துவிட்டது. "அண்ணே, அன்னைக்கி ஒட்டுனது என் பொட்டு." அண்ணி, "விடு பாப்பா" என்றார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும். அவதான் ஒட்டுப்பொட்டே வைக்க மாட்டாளே" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. "தெரிஞ்சுமா சாவியப் புடுங்குனீங்க? அப்பா குளுருல கெடந்து நடுங்குனாரு அண்ணே!" என்று கத்திவிட்டேன். வாழ்நாளில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "நான் இல்லாமயே இங்க எல்லாம் நல்லா நடந்துச்சு பாப்பா. அப்ப நான் அங்க கெடந்து எதுக்குன்னு இருந்துச்சு" என்றார். சாவியை அண்ணியிடம் நீட்டினேன்.

அண்ணி உட்கார்ந்து, லீவரை இழுத்து இழுத்துச் சீட்டை உயர்த்தினார். குள்ளமான மனுஷிக்கு எட்டுத் தடவை இழுக்க வேண்டும், எண்ணிக்கை மறக்கவில்லை. கண்ணாடியிலிருந்த வட்டத்தை ஒருமுறை விரலால் தடவினார். ஏசிக் குமிழ் நீலத்தில் இருந்தது. கை அதன் மேல் போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது. சாவியைத் திருகினார். எல்லா விளக்கும் எரிந்தன, ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும், அந்த வட்டத்தை ஒட்டி, சிவப்பாக நின்றது. டிங் டிங் என்று மணியும் அடித்தது. பக்கத்தில், அப்பா படுத்து வந்த அந்தச் சீட்டில், அண்ணன் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோயிலு வரைக்கும்தான, எடு" என்றார்.

அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "செவப்பு எரியுதுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் பின்னாலிருந்து அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய்ப் பெல்ட்டை இழுத்து, தடுமாறி, மாட்டினார். விளக்கு அணைந்தது. அண்ணி வண்டியை எடுத்தார்.