கோழி எரு குடித்த பாசி

சேந்தமங்கலம் பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. அங்கே உள்ள கிணற்றின் உட்சுவரில், வெயில் எட்டாத மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாசி. எம்.எஸ்சி. தாவரவியல் புராஜெக்டுக்காக நான் எட்டிப்பார்த்த வேறெந்தக் கிணற்றிலும் அது இல்லை. எங்கள் துறை மேடம் ஒருநாள் நேரில் வந்து லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "சமவெளியில நான் இதைப் பார்த்ததே இல்ல. மழைக்கு வித்துப்பை விடும், அப்பதான் என்ன இனம்னு உறுதியா சொல்ல முடியும். அதுவரைக்கும் கை வைக்காத" என்றார். ஆக, பெயரே இல்லாத ஒன்றுக்காக அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் கிண்டலடித்துத் தள்ளினார்கள்.

தோப்புக்காரருக்கும் முதலில் சிரிப்புதான். "ஏஞ்சாமி, ஆளு வழுக்கி உழுவறதுக்குன்னே மொளைக்குது. இதுக்கொரு படிப்பா?" என்றார். அபூர்வமானது என்று சொன்னதும் ஆள் அப்படியே மாறிவிட்டார். கிணற்றுப் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை.

பரீட்சை முடிந்து, கொளுத்தும் வெயிலில் மறுபடி போனேன். சுவரில் கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"என்னங்ண்ணா ஊத்துனீங்க?"

"பழுப்பேறிச் சுருண்டு போச்சு கண்ணு. செத்துப்போயிருமோன்னு பயந்துட்டேன். நம்ம பண்ணைக் கோழி எருவக் கரைச்சு நெதமும் ஊத்துனேன். பாக்கு மரமெல்லாம் அதுலதான கும்முனு வருது."

அது சாகவில்லை. காய்ந்தால் சுருண்டு கிடக்கும், தண்ணீர் பட்டால் கண்ணெதிரே விரியும். உறிஞ்ச வேர் கிடையாது. மெல்லிய இலையாலேயே குடிக்கும், மேலே விழுவது நேராக உள்ளே போகும். எரு அதற்கு விஷம். சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அப்ப என்னதான் குடுக்கோணும்?"

"ஒண்ணுமே வேண்டாங்ண்ணா. சும்மா உட்டிருந்தாலே போதும்."

"கண்ணு முன்னால காயுது. பாத்துட்டு சும்மா இருன்னா எப்படி சாமி?"

எனக்குக் கோபப்படவும் வரவில்லை. படியில் இறங்கி, பாட்டில் தண்ணீரைத் தெளித்துவிட்டு லென்ஸைப் பிடித்தேன். கறுத்த இடம் அசையவே இல்லை. மேல் விளிம்பில், எரு படாத ஒரு நகக்கண் அளவு மட்டும் மெல்ல நிமிர்ந்து பச்சையானது. மழைக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

"பொழச்சுக்குமா?" என்றார் மேலேயிருந்து.

"தெரியலைங்ண்ணா. இனி எதுவும் செய்யாதீங்க."

"செரி செரி. நெழலுக்கு மட்டும் ஒரு மட்டை கட்டி உடட்டா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள், மேலே பாக்கு மட்டையைத் தரையில் இழுத்துவரும் சத்தம் கேட்டது.